ஆதி நிலையில் பெற்றுக்கொண்டேன்

ஒன்பதாம் வளைவு லயக் குடிப்பதிவு ஆபீசில் பேய் நடமாடுகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை. பேயாகவே இருந்தாலும் அந்த ஆபீசுக்குள் நுழைந்தால் முதலில் அப்ளிகேஷன் கொடுக்க வேண்டும். அப்ளிகேஷனுக்கு மூன்று நகல் வேண்டும். நகலுக்கு என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆபீசுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷமாகிறது, இதுவரை ஒரு பேயும் வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் மனுஷர்கள்தான். திரும்பிப் போகும்போது முகத்தில் கொஞ்சம் உயிர் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். எந்த லயத்தில், எந்த வீட்டில், எந்த வருஷத்திலிருந்து யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வைப்பதற்காகவே இந்த ஆபீஸ். ஆபீஸ் பாஷை மலையாளம்; எங்கள் ஆட்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து கிள்ளியிருந்தாலும், எந்த வாசலுக்குப் போனாலும் "நீங்க எந்த ஊரு?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கான பதில் இந்த ஆபீசின் பதிவேட்டில் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பதில்.

ஜூலை முதல் வாரம் மத்தியாஸ் தன் மகள் ரிஞ்சுவோடு வந்தார். பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறவர். மேனேஜர் கூப்பிட்டாலும் சரி, மாடு கூப்பிட்டாலும் சரி, ஒரே மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார். ரிஞ்சுவுக்கு அரசாங்க நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஏழாம் லயத்தில் முதல் ஆள். ஆனால் பதினெட்டாம் தேதி சாயந்திரம் ஐந்து மணிக்குள், இந்த ஊர்க்காரிதான் என்கிற நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்கு நான் விண்ணப்பப் பாரம் கட்டுகளைக் கொடுக்க உள்ளே போயிருந்தேன், அதனால் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சூப்ரண்டு ஜோமோள் மேடம் நல்ல பொம்பளை. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதுதான் பயம்.

"பழைய ரெஜிஸ்டர் எல்லாம் ஒரு மழைல நனைஞ்சு போச்சு, மத்தியாஸ் சேட்டா. அதுக்கு முன்ன நம்ம சுவக்கீன் சார் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இந்த லேப்டாப்ல வெச்சிட்டுண்டு. ஆனா அது விண்டோஸ்ல. இப்ப நாங்க வேலை செய்யறது லினக்ஸ்ல. கவர்மென்ட் ஆர்டர்" என்றார்.

ரிஞ்சு திரையைப் பார்த்தாள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் லினக்ஸில்தான் எழுதப் படிக்கவே கற்றுக்கொள்கிறார்கள்.

"மேடம், இடது பக்கம் மூணு டிரைவ் பேரு காட்டுதுல்லா? ஒண்ணு நீங்க வேலை செய்யுற இடம். ரெண்டாவது விண்டோஸ். மூணாவது ரிக்கவரி, அத யாரும் தொட வேண்டாம். ரெண்டாவதுல ஒரு தட்டு தட்டுங்க, திறந்துரும்."

"மோளே, திறக்கறது எளிதாக்கும். யாரு திறக்கறதுங்கறதுதான் பிரஸ்னம்."

மேடம் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன் கிளார்க் சுவக்கீன் ரிட்டயர் ஆனபோது எழுதிய பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். சத்தம் போட்டு வாசித்தார். மேசை ஒன்று. நாற்காலி இரண்டு, ஒன்று ஆடும். லேப்டாப் ஒன்று. மவுஸ் ஒன்று, வால் இல்லாதது. விண்டோஸ் பட்டியலில் இல்லை.

"அது பெட்டிக்குள்ளதானே மேடம் இருக்கு?" என்றார் மத்தியாஸ்.

"பெட்டி என்டெ சார்ஜ். பெட்டிக்குள்ள இருக்கற விண்டோஸ் சுவக்கீன் சாரோட சார்ஜ்."

"சுவக்கீன் சார் செத்து அஞ்சரை வருசமாச்சே."

"செத்தது அவரோட சொந்தக் காரியம், சேட்டா. சார்ஜ் ஒப்படைச்சாரா? அது சொல்லுங்க."

மத்தியாஸ் யோசித்துப் பார்த்து, இல்லை என்று ஒத்துக்கொண்டார். ரிஞ்சுவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எட்டி, இரண்டாவது பேரில் ஒரு தட்டு தட்டிவிட்டாள். திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. விண்டோஸ் உறக்க நிலையில் இருக்கிறது, பாதுகாப்பற்ற நிலை, வாசிக்க மட்டுமே முடியும்.

"சார் கடைசி நாள் ஷட்டவுன் பண்ணாம மூடியை மட்டும் மூடிட்டுப் போயிருக்காரு. அதான் தூங்குது. வாசிக்கலாம்னு போட்டிருக்கு, நமக்கு வாசிக்கத்தானே மேடம் வேணும்!"

மேடம் அதற்குள் லேப்டாப்பின் மூடியைப் படாரென்று சாத்திவிட்டு, இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார். "பாதுகாப்பற்ற நிலைன்னு எழுதிக் காட்டிச்சு. நீங்க எல்லாரும் கண்டில்லே?" என்று எங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். கண்டோம் என்றோம். வேறென்ன சொல்ல?

மறுநாள் அந்த மேசையைச் சுற்றி நைலான் கயிறு கட்டி, இரண்டு பாஷையிலும் போர்டு தொங்கவிட்டார்கள்: பாதுகாப்பற்ற நிலை, நெருங்கக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கள் மேசைகளை வராந்தாவுக்கு நகர்த்திக்கொண்டார்கள். மழைச் சாரல் அடித்தது. சாரலில் நனைந்த பைல்களுக்குப் புதுப் பைல் போடுவதில் ஒரு வாரம் போயிற்று. ரிஞ்சு தினமும் காலை பஸ்ஸில் வந்து வராந்தாவில் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

பத்தாம் தேதி ஜில்லாவிலிருந்து ஐ.டி. ஆபீசர் காரில் வந்தார். கயிற்றுக்கு வெளியே நின்றபடியே லேப்டாப்பை அரைமணி நேரம் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். சுத்தமான தமிழில் பேசினார், பாலக்காட்டுக்காரராம். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இந்தக் கருவியில் ஒரு ஊழியர் தமது பணியை முடிக்காமல் இருக்கிறார். லாக் அவுட் செய்யவில்லை. உறங்குகிறார் என்று கருவியே சொல்கிறது. உறங்குகிறவர் ஆபீசில் இல்லை என்று எப்படிச் சொல்வது? நானே மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வதுண்டு. அப்போது நான் ஆபீசில் இல்லை என்று யாராவது எழுதினால் விடுவேனா? எனவே, திரு. சுவக்கீன் ஆறு வருஷமாகச் சீட்டில்தான் இருக்கிறார். அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். பதினெட்டாம் தேதிக்குள் யாராவது முறைப்படி விண்டோஸின் பொறுப்பை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தொன்பதாம் தேதி ரிக்கவரியை ஓட்டி, கருவியை வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடுவோம். அந்த நிலையில் எந்தத் தப்பும் நடந்திருக்காது. ஒரு ஆபீசுக்கு அதைவிட நல்ல நிலை எது?"

எல்லோரும் கை தட்டினார்கள். ரிஞ்சு வராந்தாவிலிருந்து, "சார், ரிக்கவரி ஓட்டினா உள்ள இருக்குற ரெஜிஸ்டர் மொத்தமும் அழிஞ்சிரும்! ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டாவது ஓட்டுங்க" என்று கத்தினாள்.

"காப்பி எடுத்தால் இரண்டு ரெஜிஸ்டர் ஆகிவிடும்மா. இரண்டு இருந்தால் எது உண்மை என்று சந்தேகம் வரும். ஒன்றும் இல்லாவிட்டால் சந்தேகமே இல்லை பார்" என்று அவர் அன்பாக விளக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் சுவக்கீன் பேர் வந்துவிட்டது. பேருக்கு நேரே, உறக்கத்தில், என்று சிவப்பு மையில் எழுதினார்கள். டீ கொண்டுவருகிற பையிலும் ஒரு கிளாஸ் கூடியது. கயிற்றுக்கு உள்ளே வைக்க முடியாததால் வெளியே வைத்துவிட்டு, ஆறினதும் எடுத்துக் கீழே கொட்டினார்கள். இரண்டு நாளில் ஆபீசில் எல்லோரும் அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிவிட்டார்கள்.

பத்தாம் தேதியே விளக்கம் கேட்டு மெமோ போட்டிருந்தார்கள். மெமோவை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கடைசியாகக் குடியிருந்த இடத்தில் ஒட்டிவிட்டு வரலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆள் கடைசியாக எங்கே குடியிருக்கிறார் என்று விசாரித்ததில், சர்ச் கல்லறைத் தோட்டம், எண் நாற்பத்தொன்று என்று பதில் வந்தது. பியூன் தங்கதுரை மைதாப் பசையும் பிரஷும் எடுத்துக்கொண்டு போனார். மெமோவின் மூன்று நகலும் என் மிஷினில் எடுத்ததுதான். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று ஜில்லாவுக்கு, ஒன்று கல்லறைக்கு.

இரண்டாம் நாள் சுவக்கீனின் மனைவி மதலேனம்மாள் ஆபீசுக்குள் வந்தார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று பைல் படிக்க ஆரம்பித்தார்கள்.

"எம் மனுசன் கல்லறை மேல என்னத்த ஒட்டிட்டுப் போயிருக்கீங்க? நேத்துலருந்து சொரண்டுதேன், பசை விட மாட்டேங்குது."

"அம்மே, மரியாதையாத்தான் ஒட்டினோம். பேரு மறையாம, தேதிக்குக் கீழ" என்றார் மேடம்.

"ஏழு நாளைக்குள்ள நேர்ல வந்து விளக்கம் சொல்லணும்னு எழுதிருக்கு. யாரு வர?"

"அவருதான்."

"வரலைன்னா?"

"ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்குவோம்."

"முப்பத்திநாலு வருசம் இந்த ஆபீசுக்கு உழைச்சாரு. மழைல ரெஜிஸ்டர் நனையும்னு யாரும் சொல்லாமலே லீவு நாள்லயும் வந்து ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் எடுத்தாரு. அவர நிம்மதியா படுக்க விடுங்களேன்!" மதலேனம்மாள் அழவில்லை. மேடம் எழுந்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், வந்துபோனதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி வந்தது. மெமோவின் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. சுவக்கீனுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பொறுப்பை ஏற்க ஆள் இல்லை. ஆபீசில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பொறுப்பேற்க முடியாது. பொறுப்பேற்காமல் உள்ளே பார்க்க முடியாது என்று மேடம் சொன்னார். மத்தியானம் வரைக்கும் இதையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்தியாஸ் லீவு போட்டுவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மகளோடு வராந்தாவில் நின்றார். இரண்டே முக்காலுக்கு மேடம் ஒரு தடித்த புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சேட்டா, ஒரு வழி உண்டு. ஊழியர் யாரும் முன்வராத பட்சம் பயனாளிக் குடும்பத் தலைவரே தற்காலிகமாப் பொறுப்பேற்கலாம். நீங்க பத்திரத்துல ஒப்பு போட்டா நீங்கதான் விண்டோஸ் பொறுப்பாளர். அப்புறம் மோள் தாராளமா திறக்கலாம்."

"நானா மேடம்? எனக்கு அதோட பேரே இந்த மாசந்தான் தெரியும்."

"தெரியாம இருக்கறது நல்லது. தெரிஞ்சவங்க யாரும் எடுக்கலையே."

சாட்சிக்கு வெளியாள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பொறுப்பேற்புப் பத்திரம் ஒரு பக்கம்தான். அதில் நாலாவது வரி: மேற்படி சாதனத்தை ஆதி நிலையில் பெற்றுக்கொண்டேன். நான் வாசித்தேன். வாசித்துவிட்டு சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அச்சடித்த வரியை எவன் யோசிக்கிறான்? அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கயிற்றை அவிழ்த்தார்கள். மத்தியாஸ் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். ரிஞ்சு இரண்டாவது பேரைத் தட்டினாள். விண்டோஸ் சத்தம் காட்டாமல் திறந்தது. லயம் வாரியாக, வீடு வாரியாக எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஏழாம் லயம், வீடு நாலு. சுவக்கீனின் குண்டு குண்டான நீல மை எழுத்து. மரியசூசை, வந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. அவர் மகன், மகனின் மகன் மத்தியாஸ், கடைசியில் ரிஞ்சு, பிறந்த தேதியோடு.

"இது எங்க தாத்தா கைநாட்டு" என்றார் மத்தியாஸ். திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம், இந்த ஆபீசைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றே தோன்றியது. மணி மூன்றரை. காலேஜுக்கு ஆன்லைனில் அனுப்பினால் போதும். பொறுப்பாளர் பார்த்து எழுதி ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மேடம் பேனாவை எடுத்து மத்தியாஸிடம் நீட்டினார். பாதி நீட்டியபடியே நிறுத்தினார்.

"பொறுப்பாளர் நீங்க. அப்ளிகன்ட் உங்க மோள். சொந்தக்காரங்க பைல்ல பொறுப்பாளர் ஒப்பு போடக் கூடாதுல்லோ."

"அப்ப நீங்க போடுங்க மேடம்" என்றாள் ரிஞ்சு.

"எனக்கு சார்ஜ் இல்ல மோளே."

"அப்ப வேற யாருக்காவது மாத்திக் குடுக்கட்டும்."

"தொண்ணூறு நாள் கழியாம மாத்த முடியாது."

மறுபடியும் தடித்த புத்தகம். நாலேகால் வரைக்கும் தேடினார். சொந்தக்காரரின் விண்ணப்பம் வந்தால் பொறுப்பாளர் தாமே அதை நிராகரித்து விலகி நிற்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

மத்தியாஸ் பேனாவை மேசையில் வைத்தார். "நான் போட மாட்டேன் மேடம். எம் பிள்ளைக்கு நானே இல்லைன்னு எழுத மாட்டேன்."

"சேட்டா, சமாதானமா கேளுங்க. நீங்க போடலேன்னா அப்ளிகேஷன் பென்டிங். பென்டிங் இருந்தா சார்ஜ் எடுத்தது செல்லாது. செல்லாட்டா நாளைக்குக் காலைல ரிக்கவரி. அறுநூத்திப் பன்னிரண்டு வீடும் போகும். போட்டீங்கன்னா மத்தவங்க பிள்ளைகளுக்காவது நீங்க ஒப்பு போட்டுக் குடுக்கலாம். மோளுக்கு அப்பீல் உண்டு. தொண்ணூறு நாள்."

நாலே முக்கால் ஆனது. மத்தியாஸ் மகளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. ரிஞ்சு போனில் காலேஜின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அதை மூடினாள்.

"போடுங்கப்பா" என்றாள். "நம்ம லயத்து டின்சி அடுத்த வருசம் பரீட்சை எழுதுதா. ஜீவிதா இருக்கா. போடுங்க."

அவர் போட்டார். நிராகரிக்கப்பட்டது, மத்தியாஸ், பொறுப்பாளர். கையெழுத்து கோணலாக விழுந்தது. மேடம் சீல் வைத்தார். ஆபீசில் இந்த மாதம் பென்டிங் ஒன்றும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். ஐந்து மணி அடித்தது.

நான் கிளம்புவதற்காகக் குடையை எடுத்தேன். மேடம் பொறுப்பேற்புப் பத்திரத்தை எடுத்துப் பைலில் வைக்கும்போது நின்று வாசித்தார்.

"சேட்டா, இது பிரஸ்னமாகுமே. ஆதி நிலையில் பெற்றுக்கொண்டேன்னு நீங்க ஒப்பு போட்டிட்டுண்டு. ஆனா இது வாங்கின அன்னிக்கு இருந்த ஆதி நிலைல இல்லையே. உள்ள இவ்வளவு ரெஜிஸ்டர் கிடக்கு. நாளைக்கு ஆடிட் வந்து பாத்தா, நீங்க பொய் எழுதிக் குடுத்தாச்சுன்னு கேஸ் ஆகும்."

"அந்த வரியை அடிச்சிட்டா போச்சு" என்று நான் சொன்னேன்.

"கவர்மென்ட் பாரத்துல அடிக்கறதா?" மேடம் பத்திரத்தை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார். "பாரத்தை மாத்த முடியாது. லேப்டாப்பை மாத்தலாம். இப்பவே ஆதி நிலைக்குக் கொண்டு போனா, சேட்டன் எழுதினது சத்தியமாயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"அதக் காப்பாத்தத்தானே மேடம் எங்கப்பா கையெழுத்துப் போட்டாரு!" ரிஞ்சு மேசையில் ஓங்கி அடித்தாள். "அறுநூறு வீடு! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இல்லையா?"

"மோளே, அப்பனை ஜெயிலுக்கு அனுப்பணுமா? நீயே சொல்லு."

ரிஞ்சு மேசையிலிருந்து கையை எடுத்தாள். மேடமே மூன்றாவதான ரிக்கவரியை ஓட்டினார். அது எப்படி என்று ஜில்லா ஆபீசர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாள் இருந்தது. எல்லாக் கோப்புகளும் நீக்கப்படும், தொடரலாமா, என்று திரை கேட்டது. பொறுப்பாளர் அழுத்த வேண்டும் என்று மத்தியாஸின் விரலைப் பிடித்து அழுத்தவைத்தார். மரியாதையாகத்தான் பிடித்தார். ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்று ஏற ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வெளியே மழை கனத்தது. தங்கதுரை வந்து, கயிற்றோரம் இருந்த டீ கிளாஸை எடுத்துக் கழுவி வைத்தார். மத்தியாஸ் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அவருடைய தாத்தா எத்தனையாவது விழுக்காட்டில் போனார் என்று தெரியாது.

ஆறரை மணிக்குத் திரை ஒரு தடவை அணைந்து, நீலமாக எரிந்தது. லினக்ஸும் இல்லை, சுவக்கீனும் இல்லை. கடையிலிருந்து இன்றைக்குத்தான் வாங்கிவந்தது மாதிரி இருந்தது. மணி ஓசையோடு முதல் கேள்வி வந்தது. ரிஞ்சு அதை அப்பாவுக்காக வாசித்துச் சொன்னாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு கேக்குதுப்பா."

கீழே நாடுகளின் பட்டியல் நீளமாக ஓடியது. மத்தியாஸ் வால் இல்லாத மவுஸைப் பிடித்தபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"என்னன்னு போடட்டும் மேடம்?"

"பொறுப்பாளர் நீங்கதானே சேட்டா, நீங்களே போடுங்க" என்றார் ஜோமோள் மேடம், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஏதாவது ஒரு ரெக்கார்டு பாத்து மட்டும் போடுங்க, கேட்டோ."